ஒண்டையாவது முழுசா

பழுகாமத்து ஆட்கள் ரதீசைக் கடைசிவரைக்கும் ‘கல்லாத்து மாப்பிள்ளை’ என்றுதான் சொன்னார்கள். பெரியகல்லாற்றில் கடற்றொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவன். தனுஷியாவைக் கலியாணம் முடித்து, அந்தப் பக்கத்து வழக்கப்படி பெண்வீட்டுக்குக் குடிவந்து நான்கு வருடமாகியும், வயலுக்குள் இறங்கினால் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பான். ஒருமுறை நெல் அறுக்கிற வேளாண்மை வெட்டுக்கு வயல் வட்டைக்குக் கூட்டிப்போன மாமனார், அவன் படும்பாட்டைப் பார்த்துச் சிரித்து, வரம்பிலேயே இருக்க வைத்துவிட்டார். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீரும் படகும்தான். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை. வெளிநாட்டுக்காரரைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய்க் கடலுக்கடியில் இருக்கும் பவளப்பாறைகளைக் காட்டுவான். வாரத்தில் ஒரு நாள் லீவு கிடைக்கும். முதல்நாள் பின்னேரமே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, மட்டக்களப்பு நகரத்தைத் தாண்டி, பட்டிருப்புப் பாலத்தால் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவான்.

மார்கழி மழையில் அப்படி வந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம்தான், கிரான் ஊருக்குக் கிட்ட, நடுரோட்டில் படுத்திருந்த மாட்டில் மோதினான். மழை மறைத்திருக்க வேண்டும். ஹெல்மெட் கழன்று எங்கோ போய்க் கிடந்தது. உடம்பில் பெரிய காயம் ஒன்றும் இல்லை. முழங்கை உரசியிருந்தது, அவ்வளவுதான். அடி முழுக்கத் தலையில்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டிலில் தனுஷியா அவனைப் பார்த்தபோது, நல்ல நித்திரையில் கிடப்பவனைப் போலத்தான் இருந்தான். வாய்க்குள் குழாய் போட்டிருந்தார்கள். நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கியது. கையைத் தொட்டாள். சூடாக இருந்தது. வெயிலில் கறுத்த பாதத்தில் செருப்பு வார் பட்ட இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. காய்ச்சல்காரனுக்குச் செய்வதுபோல அவன் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, எழும்பிவிடுவார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் டொக்டர் அவளைக் கூப்பிட்டு ஒரு சின்ன அறையில் இருத்தினார். நடுவயது மனிதர். களைத்திருந்தார். பேசத் தொடங்குமுன் வெளியே யாரும் வந்துவிடாதபடி கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“தங்கச்சி, அவர்ட மூளை செத்திட்டுது. நெஞ்சு ஏறி இறங்குறது மெஷினால. நாங்க ஒருத்தருக்குப் பிறகு ஒருத்தரா, ரெண்டு தரம் சோதிச்சுப் பாத்திட்டம். இனி அவர் எழும்ப மாட்டார்.”

அவளுக்கு அது உடனே விளங்கவில்லை. கை சுடுகிறதே என்றாள். அதுவும் மெஷின் காற்றுக் கொடுக்கும்வரைதான் என்றார் அவர். இதயம் கொஞ்ச நேரத்துக்கு, கூடினால் ஒரு நாள் இரண்டு நாளுக்கு, தானாக அடித்துக்கொண்டிருக்கும். பிறகு அதுவும் நின்றுவிடும். அவள் அழுது முடியும்வரை அவர் பொறுத்திருந்தார். அதன் பிறகுதான் மற்றதைக் கேட்டார். கேட்கவேண்டியது தன் கடமை என்றும், மாட்டேன் என்றால் யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை என்றும் முதலிலேயே சொல்லிவிட்டுக் கேட்டார். ரதீசின் உடலில் நல்ல நிலையில் இருக்கும் உறுப்புகளை, அவற்றுக்காகக் காத்திருக்கும் நோயாளிகளுக்குக் கொடுக்க முடியும். எது எது எத்தனை பேருக்கு உதவும் என்றும் எண்ணிச் சொன்னார். மனைவி என்றபடியால் அவளுடைய சம்மதம்தான் முக்கியம். ஆனாலும் வீட்டில் மற்றவர்களோடும் கதைத்துவிட்டு வந்தால் நல்லது. பொலிஸ், விசாரணை என்றும் கடைசியில் ஏதோ சொன்னார். அது அவள் காதில் ஏறவில்லை.

அவளுக்கு ஜெயராஜாவின் ஞாபகம் வந்தது.

ஜெயராஜா ரதீசின் ஹோட்டலில் சமையல் செய்தவர். மட்டக்களப்பு நகரத்துக் கத்தோலிக்கர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்தார். சில நாட்களில் ரதீஸ்தான் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவான். சொந்தத்தில் ஒருவருடையதும் பொருந்தவில்லை. வேறு எங்கிருந்தாவது ஒரு சிறுநீரகம் கிடைக்கும் என்று காத்திருந்தே மனிதர் போய்விட்டார். அந்தச் செத்தவீட்டுக்குப் போய்வந்த அன்று ரதீஸ் சாப்பிட மறுத்தான். கிணற்றடியில் குளித்துவிட்டு, தலையைக்கூடத் துவட்டாமல் வந்து அவளுக்கு முன்னால் இருந்தான்.

“எனக்கு ஏதும் நடந்தா எல்லாத்தையும் எடுத்துக் குடுக்கச் சொல்லு. நான் பகிடிக்குச் சொல்லல்ல, தனு. மண்ணுக்குள்ள கிடந்து உக்குறதுக்கு ஆருக்காவது உதவட்டும்.”

விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது என்று அவள் ஏசினாள். அவன் விடவில்லை. ‘ஓம்’ என்று ஒரு வார்த்தை சொல்லு என்றான். பேச்சை முடிக்க வேண்டுமே என்று ‘ஓம் ஓம்’ என்றாள். அதன் பிறகுதான் சோற்றுக்கு முன்னால் வந்து இருந்தான்.

இப்போது அந்த ஓம் அவளிடம் திரும்பி வந்து நின்றது. கொடுக்கத்தான் வேண்டும் என்று அவள் மனம் சொன்னது. அதில் சந்தேகம் வரவில்லை. மாமியிடம் சொல்லவேண்டும், அவ்வளவுதான் மிச்சம்.

ரதீசின் தாய் சின்னத்தங்கம் வெளியே நீள வாங்குப் பலகையில் இருந்தாள். பெரியகல்லாற்றிலிருந்து ஒவ்வொரு நாளும் விடிய முதல் பஸ்ஸில் வந்து, கடைசி பஸ்ஸில் போவாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் போத்தல். அதில் கொத்தமல்லித் தண்ணீர். முதல் நாளே தாதி இதெல்லாம் கொடுக்க முடியாது என்று சொல்லியிருந்தாள். ஆனாலும் தினமும் புதிதாக அவித்துக் கொண்டுவந்தாள். மகனுக்குக் கண் திறந்ததும் தாகம் எடுக்கும் என்பது அவள் கணக்கு.

தனுஷியா பக்கத்தில் இருந்து, டொக்டர் சொன்னதைச் சொன்னாள். மூளை செத்துவிட்டதென்று சொல்லும்போது சின்னத்தங்கம் அழவில்லை. போத்தலின் மூடியைத் திருகித் திருகி இறுக்கிக்கொண்டே இருந்தாள். உறுப்புகளைக் கொடுக்கலாமா என்று டொக்டர் கேட்டதைச் சொன்னபோதுதான் அவள் கை நின்றது.

“வெட்டி எடுப்பாங்களா?”

“ஓம் மாமி. எடுத்திட்டு வடிவாத் தைச்சுத் தருவாங்களாம்.”

சின்னத்தங்கம் எழுந்து போய்ச் சுவரோடு நின்றாள். ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். அவள் திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது.

அவளுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவன் சிவதர்ஷன். யுத்தம் முடிவதற்கு முந்திய அந்தக் காலத்தில், பத்தொன்பது வயதில், சந்தியில் நின்றவனை வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். யார் ஏற்றினார்கள் என்று சொல்ல யாரும் துணியவில்லை. தகப்பன் நல்லரத்தினம் முகாம் முகாமாகத் தேடி அலைந்து, அந்த அலைச்சலிலேயே நோயாளியாகி இறந்தார். அதன் பிறகு சின்னத்தங்கம் தேடினாள். விசாரணைக்கு யார் வந்தாலும் போய் நின்றாள். பிள்ளைகளைத் தேடும் மற்றத் தாய்மாரோடு அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு மட்டக்களப்பு வெயிலில் இருந்தாள். செத்துவிட்டான் என்று ஒருவரும் சொல்லாதபடியால் அவனுக்கு ஒரு கிரியையும் செய்யவில்லை. இதெல்லாம் தனுஷியாவுக்குத் தெரியும். ஆனால் மாமி அதைத் தன் வாயால் சொல்லி அவள் கேட்டதில்லை. அன்றும் அவள் அதிகம் சொல்லவில்லை.

“அவன்ட ஒரு எலும்பு கூட எனக்குக் கிடைக்கல்ல, புள்ள. ரெண்டு பெத்தன். ஒண்டையாவது முழுசா மண்ணில வெக்க விடு.”

சொல்லிவிட்டு அவள் தனுஷியாவின் காலடியில் இருக்கப் பார்த்தாள். தனுஷியா பதறிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கி வாங்கில் இருத்தினாள்.

‘மாமி, இது டொக்டர் கேட்டதில்ல. உங்கட மகன் கேட்டது.’ இந்த வசனம் அவள் வாய்க்குள் இருந்தது. சொல்லியிருந்தால் சின்னத்தங்கம் என்ன செய்திருப்பாள்? ஒரு பிள்ளையின் கடைசி ஆசை ஒரு பக்கம், ஒரு பிடி எலும்பு கூடக் கிடைக்காத மற்றப் பிள்ளை ஒரு பக்கமென்று, அந்த வாங்கிலேயே இரண்டாகப் பிளந்து போயிருப்பாள். அந்தப் பாரத்தை இந்த மனுஷியின் தலையில் ஏற்றத் தன்னால் முடியாது என்று தனுஷியா நினைத்தாள். தான் ஒருத்தி சுமந்தால் போதும். வசனத்தை விழுங்கிவிட்டாள்.

டொக்டரிடம் போய், விருப்பமில்லை என்றாள். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சரி தங்கச்சி என்று எழுந்து நின்றார். அவர் வற்புறுத்தியிருந்தால் நல்லது என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. வற்புறுத்தியிருந்தால் ஒருவேளை அழுதுகொண்டே உண்மையைச் சொல்லியிருப்பாள்.

பிறகு ரதீசிடம் போனாள். கட்டிலோரம் நின்று அவன் காதுக்குக் கிட்டக் குனிந்து, அம்மாவுக்காகத்தான் என்று சொன்னாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். நெஞ்சு அதே ஒழுங்கில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் மத்தியானம் இதயம் நின்றது. சின்னத்தங்கம் அப்போது பக்கத்தில் இருந்தாள். மகனின் தலைமயிரைக் கையால் கோதி வகிடெடுத்துக்கொண்டிருந்தாள். தாதி வந்து சொல்லும்வரை அவளுக்குத் தெரியவில்லை.

விபத்துச் சாவு என்றபடியால் உடலை உடனே தரவில்லை. திடீர் மரண விசாரணை அதிகாரி வரவேண்டும், பொலிசார் வாக்குமூலம் எடுக்கவேண்டும் என்றார்கள். தனுஷியாவின் தகப்பன்தான் அந்த அலுவல்களுக்கு நின்றார். பெண்கள் இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அடுத்த நாள் பெட்டி பழுகாமத்துக்கு வந்தது. வெள்ளைச் சேர்ட்டும் வேட்டியும் உடுத்தியிருந்தார்கள். ஊர் முழுக்க வந்தது. பாசிக்குடாவிலிருந்து ஹோட்டல் வானில் கூட வேலை செய்தவர்கள் வந்தார்கள்.

சின்னத்தங்கம் மகனின் நெற்றியில் திருநீறு பூசினாள். நெஞ்சிலும் பூசவேண்டும் என்று சேர்ட்டின் மேல் பொத்தானைக் கழற்றினாள். அடுத்த பொத்தானையும் கழற்றினாள். கழுத்துக்குக் கீழே தொடங்கிய தையல் ஒன்று வயிற்றுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. தடித்த நூல். சாக்கைத் தைப்பதுபோல இழுத்துத் தைத்திருந்தது.

தனுஷியா அதைப் பார்த்தாள். தகப்பன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். பிரேத பரிசோதனை செய்யாமல் விடமாட்டோம் என்றுவிட்டார்கள், விபத்தென்றால் அப்படித்தானாம், கேட்டுப் பார்த்தேன் மனே என்று அவர் மகளிடம் மெதுவாகச் சொன்னார். டொக்டர் அந்தச் சின்ன அறையில் பொலிஸ், விசாரணை என்று கடைசியாகச் சொன்னது இதைத்தான் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

சின்னத்தங்கம் தையலை விரலால் தொட்டாள். கொஞ்சத் தூரம் அதன்மேல் விரலைக் கொண்டுபோனாள். பிறகு சேர்ட்டைச் சேர்த்துப் பிடித்துப் பொத்தான்களைப் பூட்டினாள். சுற்றியிருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்தி அவளையே பார்த்தார்கள். அவள் சத்தமே போடவில்லை. சுடலைக்குப் பெட்டியைத் தூக்கும்போதும் அழவில்லை. மண் மூடிவிட்டு வந்து ஆண்கள் குளித்த பிறகு, தனுஷியாவிடம் வந்து, வெட்டித்தான் போட்டாங்கள் என்று மட்டும் சொன்னாள்.

முப்பத்தோராம் நாள் சடங்குவரை அவள் பழுகாமத்திலேயே நின்றாள். இரண்டு பெண்களும் ஒரே பாயில் படுத்தார்கள். தனுஷியா சாப்பிடாவிட்டால் சின்னத்தங்கமும் சாப்பிடமாட்டாள். அதனால் இருவரும் கொஞ்சமாவது சாப்பிட்டார்கள். ரதீசின் சேர்ட்டுகளைத் தோய்த்துப் போட மாமி விடவில்லை. அவற்றை அப்படியே மடித்து வைத்தாள். மருமகளை ‘புள்ள’ என்று கூப்பிட்டு வந்தவள் ‘மனே’ என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். தன் வயிற்றில் பிறந்தவர்களைத்தான் அவள் அப்படிக் கூப்பிடுவாள்.

சடங்கன்று ஜெயராஜாவின் மனைவி செசீலியா வந்திருந்தாள். செத்தவீட்டுக்கு வர அவளுக்கு முடியாமல் போயிருந்தது. ஆட்கள் சாப்பிட்டுக் கலையும் நேரம் குசினிப் பக்கமாக வந்து தனுஷியாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். சின்னத்தங்கம் அருகில் இருந்து வெற்றிலைத் தட்டங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அழுது முடிந்ததும் செசீலியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“என்ட மனிசன்ட பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு ரதீஸ் எனக்குச் சொன்னவர், எனக்கு ஒண்டு நடந்தா எல்லாத்தையும் குடுப்பன் எண்டு. குடுத்தீங்களா, தங்கச்சி? கண்ணையாவது எடுத்தாங்களா?”

அவள் நல்ல மனதோடுதான் கேட்டாள். தனுஷியா தலையை அசைத்து இல்லை என்றாள். வேறு எதையோ கேட்டுப் பேச்சை மாற்றினாள். தட்டம் துடைக்கும் சத்தம் நின்றிருந்தது.

எல்லாரும் போன பிறகு சின்னத்தங்கம் அவளைக் கூப்பிட்டுத் தன் முன்னால் இருத்தினாள்.

“உன்னட்டயும் சொன்னவனா?”

“ஓம் மாமி.”

“அண்டைக்கு ஆஸ்பத்திரியில உனக்கு இது தெரியும்.”

“தெரியும்.”

“மறுகா ஏன் எனக்குச் சொல்லல்ல?”

தனுஷியாவுக்கு அழுகை வந்தது. நீங்கள் அப்படிக் கேட்ட பிறகு எனக்கு வாய் வரவில்லை, சொல்லியிருந்தால் உங்களால் மறுக்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது, உங்களை அப்படி நிற்க வைக்க மனம் வரவில்லை என்றெல்லாம் சொன்னாள். சின்னத்தங்கம் முழுவதையும் கேட்டாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

“மூத்தவன் கடைசியா என்னத்தைக் கேட்டானோ, ஆரைக் கூப்பிட்டானோ, எனக்குத் தெரியா. இவன் கேட்டிருக்கான். என்ட பிள்ளை கேட்டது எண்டு தெரியாமலே நான் இல்லை எண்டிருக்கன்.”

அடுத்த நாள் காலையில் அவள் தன் பையைக் கட்டினாள். இன்னும் கொஞ்ச நாள் நில்லுங்கள் என்று தனுஷியா கெஞ்சினாள். வீடு பூட்டிக் கிடக்கிறது, கோழிகளை யாரும் பார்க்கிறார்களில்லை என்றாள் மாமி. பஸ் நிற்குமிடத்துக்குத் தனுஷியாவும் கூடப் போனாள். வாவிப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசியது. பஸ் வந்ததும், ஏறுவதற்கு முன் சின்னத்தங்கம் திரும்பினாள்.

“நீ எனக்கு நல்லதைத்தான் நினைச்ச. எனக்கு விளங்குது. ஆனா என்னால ஏலாது எண்டு நீயே நினைச்சிட்ட, மனே. நான் அவன்ட தாய்.”

பஸ் போய்விட்டது. ஜன்னலால் அவள் பார்க்கவில்லை.

அதன் பிறகு தனுஷியா எடுத்த போன்களுக்கு மாமி பதில் சொல்லவில்லை. பெரியகல்லாற்றில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எடுத்துக் கேட்டாள். ஆள் சுகமாக இருக்கிறா, கோயிலுக்கும் போறதில்லை, படம் ஏந்திக்கொண்டு இருக்கிற அந்தத் தாய்மார் கூட்டத்துக்கும் இப்போது போறதில்லை என்றாள் அவள். தனுஷியா ஒருநாள் நேரில் போகப் புறப்பட்டு, பாலம்வரை போய்த் திரும்பி வந்தாள். முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் வேலைக்குத் திரும்பினாள். சின்னப் பிள்ளைகளின் இரைச்சலுக்குள் நிற்கும்போது சில நேரம் அவளுக்கு ஒன்றும் நினைவிருக்காது. வீட்டுப் படலையைத் திறக்கும்போது எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அவன் கேட்டதையும் செய்யவில்லை. மாமி கேட்டதும் கிடைக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தான் செய்த ஒரே காரியம் வாயை மூடிக்கொண்டதுதான் என்று நினைப்பாள்.

மாசி மாதம், வட்டையில் வேளாண்மை வெட்டு நடக்கும் நாள் ஒன்றில் மாமியின் போன் வந்தது. அறுவடை மெஷினின் இரைச்சலில் கேட்காது என்று தனுஷியா வீட்டுக்குப் பின்னால் ஓடிப்போய் நின்று எடுத்தாள். மாமி, மாமி என்றாள். சாப்பிட்டியா என்று சின்னத்தங்கம் கேட்டாள். சாப்பிட்டேன் என்றாள். அதோடு போனை வைத்துவிடப்போகிறாள் என்று தனுஷியா பயந்தாள்.

“மனே, எத்தினை பேருக்குக் குடுக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவரா?”

தெரியாது என்று சொல்லிவிடலாம். ஞாபகமில்லை என்று சொல்லலாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றாலும் மாமி நம்புவாள். மூன்றும் அவள் நாக்கில் வந்தன. இந்த மனுஷி இதற்கு மேலும் எதைத் தாங்குவாள் என்று மனம் பழையபடி பேசத் தொடங்கியது.

“அஞ்சு பேருக்கு, மாமி. கிட்னி ரெண்டு, ஈரல், கண் ரெண்டு.”

சின்னத்தங்கம் ஒவ்வொன்றையும் தனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அந்த முணுமுணுப்பு போனில் கேட்டது. கண் என்று வரும்போது குரல் உடைந்தது. அதன் பிறகு அவள் அழத் தொடங்கினாள். பெட்டிக்குப் பக்கத்தில் அழாதவள், சுடலைக்குப் போகும்போது அழாதவள், பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். ஒரு நேரம் ரதீஸ் என்றாள், ஒரு நேரம் சிவதர்ஷன் என்றாள்.

அழவேண்டாம் என்று தனுஷியா சொல்லவில்லை. போனைக் காதோடு அமர்த்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.